உன் மியாட்டாவுக்கு எந்த எல்எஸ்டி?

அன்புள்ள சேகர்,

1992 எம்எக்ஸ்-5 (மியாட்டாவின் இன்னொரு பெயர்) கார் வாங்கிவிட்டாய் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். எந்த எல்எஸ்டி போடலாம் என்ற உன் கேள்விக்கே நேராக வருகிறேன். எல்எஸ்டி என்பது லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல்: இரண்டு பின்சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும்போது ஒன்று மட்டும் வெறுமனே சுழல்வதைக் கட்டுப்படுத்துவது.

ஈர வளைவில் மிதித்தால் உள்பக்கப் பின்சக்கரம் மட்டும் வெறுமனே சுழல்கிறது என்று எழுதியிருந்தாய். அந்த 1.6 லிட்டர் வண்டிகளில் வந்த எல்எஸ்டி விஸ்கஸ் வகை. தகடுகளுக்கு நடுவே இருக்கும் சிலிக்கோன் திரவம்தான் அதில் பிடிப்பைத் தருவது. இத்தனை வருடச் சூட்டில் அது பெரும்பாலும் செத்திருக்கும். சோதித்துப் பார். முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தை ஸ்டாண்டில் ஏற்றி, நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை விட்டு, ஒரு சக்கரத்தைக் கையால் சுற்று. மற்றது எதிர்த்திசையில் லேசாக ஓடினால் அது ஓப்பன் (எல்எஸ்டி இல்லாத சாதாரண டிஃபரன்ஷியல்) அல்லது செத்த விஸ்கஸ். டோர்சன் என்ற கியர் வகை எல்எஸ்டியும் தூக்கிய நிலையில் இப்படி எதிர்த்திசையில் ஓடலாம். ஆகவே பழைய டோர்சன் வாங்கப் போகும்போது இந்தச் சோதனையை நம்பி ஒதுக்கிவிடாதே.

தினசரி ஓட்டும் வண்டிக்கு நான் டோர்சனைத்தான் சொல்வேன். கியர்களின் உராய்விலேயே வேலை செய்கிறது, தேயும் கிளட்ச் தகடு கிடையாது, பார்க்கிங்கில் சத்தமில்லை. அதன் குணத்தை மட்டும் புரிந்துகொள். பிடிப்புக் குறைந்த சக்கரம் தாங்கும் முறுக்குவிசையைப் போல் இத்தனை மடங்கு என்று மற்றதற்குக் கொடுக்கும். மடங்கு 2.5 என்று வை. உள்சக்கரம் 100 நியூட்டன் மீட்டர்தான் தாங்குகிறது என்றால் வெளிச்சக்கரத்துக்கு 250 வரை போகும். உள்சக்கரம் தரையை விட்டு எழும்பிவிட்டாலோ, பூஜ்யத்தை எதனால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். அதனால்தான் பின்பக்கம் தடித்த ஆன்டி-ரோல் பார் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) போடாதே என்கிறேன். பார் கடினமாக ஆக, வளைவில் உள்சக்கரம் தூக்கும்; நல்ல டோர்சனும் ஓப்பன் போலாகிவிடும். ஒரு சக்கரம் சேற்றில் மாட்டினால் ஹேண்ட் பிரேக்கை லேசாக இழுத்து, மெதுவாக மிதி. சுழலும் சக்கரத்துக்குக் கொஞ்சம் எதிர்ப்பு கிடைத்ததும் மற்றது இழுக்கும்.

கிளட்ச் தகடுகளால் பிடிக்கும் எல்எஸ்டி வகைக்கு இந்தக் குறை இல்லை. சக்கரம் தூக்கினாலும் முன்சுமை (தகடுகளை எப்போதும் அழுத்தி வைத்திருக்கும் விசை) இருப்பதால் பிடிக்கும். ட்ராக்குக்கு அடிக்கடி போகிறவர்களுக்கு அதுதான் சரி. அதிலும் 2-வே எடுக்காதே. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் பூட்டுவதால், வளைவில் நுழையும்போது மூக்கு திரும்பாமல் வெளியே தள்ளும். கட்டாயம் வேண்டுமென்றால், மிதிக்கும்போது மட்டும் பூட்டும் 1-வே அல்லது காலை எடுத்தால் குறைவாகப் பூட்டும் 1.5-வே, குறைந்த முன்சுமையில். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது கடகடவென்று சத்தம் வரும். தயாரிப்பாளர் சொல்லும் எண்ணெயையே ஊற்ற வேண்டும், அதையும் அடிக்கடி மாற்ற வேண்டும். மழையில் ஓட்டும் உனக்கு இதெல்லாம் வேண்டாத தொல்லை.

1.6-இன் கிரவுன் வீல் (டிஃபரன்ஷியலின் பெரிய பல்சக்கரம்) 6 அங்குலம், 1.8-இல் 7. பிற்பாடு டர்போ போடும் ஆசை உனக்கு இருக்கிறது, சிறியது தாங்காது. ஆகவே 1.8-இன் முழு செட்டையும் தேடு: டிஃபரன்ஷியல், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், இரண்டு ஆக்ஸில் ஷாஃப்ட். ஆக்ஸில்கள் அதே டிஃபரன்ஷியலோடு வந்தவையாகவே இருக்கட்டும். ஓப்பனுக்கு உரியதை டோர்சனுக்கு வாங்கினால் பொருந்தாமல் போகும். 1994, 95 வண்டிகளில் வந்தது டோர்சன் டைப் 1, அதற்குப் பிறகு டைப் 2. டைப் 2 கிடைத்தால் விடாதே. உன் வண்டியில் ஃபைனல் டிரைவ் (டிஃபரன்ஷியலின் கியர் விகிதம்) 4.3 என்றால், 4.1 போட்டதும் ஸ்பீடோமீட்டர் ஏறக்குறைய 5 சதவீதம் குறைத்துக் காட்டும். கியர்பாக்ஸிலுள்ள ஸ்பீடோ கியரை மாற்றிச் சரிசெய்.

செட் அப்படியே ஏறுவதால் பேக்லாஷை (கியர்ப் பற்களுக்கு நடுவே உள்ள இடைவெளி) தொட வேண்டியதில்லை. எல்எஸ்டியை மட்டும் பழைய ஹவுசிங்கில் போட்டுத் தருகிறேன் என்று மெக்கானிக் யாராவது வந்தால், பேரிங் மூடிகளில் இடம் வலம் குறித்துவிட்டுப் பிரிக்கிறாரா, டயல் கேஜ் வைத்திருக்கிறாரா என்று பார். பேக்லாஷ் 0.09 முதல் 0.11 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டும், கிரவுன் வீலைச் சுற்றி நாலு இடத்திலாவது அளக்க வேண்டும். பல்லில் மை தடவி, தடம் நடுவில் விழுகிறதா என்றும் பார்க்க வேண்டும். தடம் ஓரத்துக்குப் போனால் 80-இல் ஊளைச் சத்தம் தொடங்கிவிடும், பிறகு திரும்பவும் எல்லாவற்றையும் கழற்ற வேண்டியதுதான்.

எண்ணெய் ஜிஎல்-5 75டபிள்யூ-90, ஒரு லிட்டர். ஃபில்லர் பிளக்கை முதலில் கழற்று. அது இறுகிப்போயிருப்பது தெரியாமல் கீழ்ப் பிளக்கைத் திறந்தால் காலியான டிஃபரன்ஷியலோடு நிற்பாய். துளையில் வழியும்வரை ஊற்று. உராய்வு குறைக்கும் அடிட்டிவ் டோர்சனுக்கு வேண்டாம்.

பின்டயர் இரண்டும் ஒரே மாடலாக, ஒரே தேய்மானத்தில் இருக்கட்டும். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் நேர்ச்சாலையிலும் டிஃபரன்ஷியல் ஓய்வில்லாமல் வேலை செய்துகொண்டிருக்கும்.

செட் ஏதாவது கண்ணில் பட்டால், பணம் கொடுக்கும் முன் பழைய எண்ணெயை வடித்து, கீழ்ப் பிளக்கின் காந்தத்தைப் படம் எடுத்து அனுப்பு. மை போன்ற சாம்பல் பசை இருந்தால் பரவாயில்லை. செதில் செதிலாக உலோகம் ஒட்டியிருந்தால் விலை எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடு.

அன்புடன்,
ரவி