பில்லுல நாட்டுப் பேரையும் எழுதுங்க: மரக்கடை அண்ணன்மார்களுக்கு ஒரு ஆசாரியோட மடல்

தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலயும் மரக்கடை, அறுப்பு மில்லு வச்சிருக்கற அண்ணன்மார்களுக்கு வணக்கங்க. நான் காரிமங்கலம் பக்கம் ஆசாரி வேலை பாக்கறேன். 22 வருசமா உங்க கடைங்கள்ல தான் மரம் எடுக்கறேன், கடன் சொன்னப்பகூட முகம் சுளிக்காம குடுத்திருக்கீங்க, அதனால சண்டைக்கு எழுதல, ஆனா விக்கற தேக்கு எந்த நாட்டுலருந்து வந்துதுன்னு பில்லுல எழுதாததப் பத்தி ரொம்ப நாளா மனசுல கெடக்கறத சொல்லிடணும்.

போன ஆவணியில ஒரு டீச்சரம்மா வீட்டுக்கு வாசக்கால் செஞ்சேன். ரிட்டயர்டு ஆன காசுல கட்டற வீடு. கடையில பர்மா தேக்குன்னு சொல்லி நாட்டுத் தேக்க விட கன அடிக்கு 1,500 ரூபா கூட வாங்குனாங்க, அந்தம்மாவும் தலைவாசல் ஒரு தடவ தானே வைக்கறோம்னு மறு பேச்சு பேசாம குடுத்துட்டாங்க. மரம் பட்டறைக்கு வந்துச்சு, இழைப்புளிய போட்டேன், ரெண்டு இழுப்புலயே மேல பூசியிருந்த சாயம் சுருளோட வந்துடுச்சு, அடியில பாத்தா ஒரு ஓரம் பூரா வெள்ள, அதாவது பட்டைய ஒட்டி இருக்கற வைரம் பாயாத கட்ட. முனைய ஒரு துண்டு அறுத்து ஈரத்துணியால தொடச்சிட்டு வளையம் எண்ணுனேன், ஒரு இஞ்சுக்கு மூணு தான் இருந்துச்சு, அப்படின்னா வேகமா வளந்த மரம். கிருஷ்ணகிரி பழையபேட்டையில ஒரு பழைய வீட்ட பிரிச்சப்போ எடுத்த பர்மா தேக்கு உத்தரத்தோட துண்டு ஒண்ணு இன்னும் என் பட்டறையில இருக்குது, அதுல ஒரு இஞ்சுக்கு 12 வளையம், இத்தன வருசம் கழிச்சும் ரம்பம் பட்டா அந்த எண்ணெ வாசன வரும். ரெண்டையும் பக்கத்துல வச்சு டீச்சரம்மாகிட்ட காட்டுனேன், அவங்க ஒண்ணுமே பேசல, எனக்குத்தான் வயித்த பெசஞ்சுது.

அண்ணே, பர்மாக்காரங்க உருட்டுக்கட்டைய வெளிநாட்டுக்கு அனுப்பறத 2014 ஏப்ரல் 1-ஆம் தேதியோட நிறுத்திட்டாங்க. அதுவரைக்கும் அவங்க தேக்க பெரிய அளவுல வாங்குனதுல நம்ம நாடும் ஒண்ணு. அப்பறம் 2016-ல ஒரு வருசம் நாடு முழுக்க மரம் வெட்டவே கூடாதுன்னாங்க, நல்ல தேக்கு வெளையற பகோ யோமா மலையில பத்து வருசத்துக்கு வெட்டக்கூடாதுன்னாங்க. அறுத்த கட்டையா வரலாம், நெசமான பர்மா மரமே வரலன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா நம்ம ஊர்ல எந்த கடைக்கு போனாலும், எந்த மாசம் போனாலும் பர்மா இருக்குதுங்கறாங்களே, உருட்டுக்கட்டையாவே காட்டி பர்மாங்கறாங்களே, அது எப்படிண்ணே?

வர்றது எங்கிருந்துன்னு உங்களுக்கே தெரியும். ஈக்வடார், பனாமா, கோஸ்டாரிக்கா, கானா, நைஜீரியா, தான்சானியா. எல்லாம் நட்டு வளத்த தோட்டத் தேக்கு, நெறைய 20, 25 வருசத்துலயே வெட்டறாங்க. அது கெட்ட மரம் இல்லீங்க, நானே அதுல எத்தனையோ கதவு செஞ்சிருக்கேன், நல்லாத்தான் நிக்குது. ஆனா எளசு மரத்துல வெள்ள ஜாஸ்தி, அத கழிச்சு எடுக்கலன்னா அஞ்சாறு வருசத்துல உளுத்துடும், ஈரம் காயாம செஞ்சா மூட்டு விட்டுடும். எந்த நாட்டு மரம்னு தெரிஞ்சா நான் சைஸ கூட வச்சு எடுப்பேன், ரெண்டு மாசம் நெழல்ல போட்டு காய வைப்பேன். பர்மான்னு நம்பி ஒடனே வேலய தொடங்குனா கெடறது என் பேரு.

இன்னொன்னு. நெசமாவே பர்மா மரம்னா வாங்கறவங்களுக்கு அதையும் தெளிவா சொல்லணும். 2021 பிப்ரவரியில அங்க ராணுவம் ஆட்சிய புடிச்சுது, மரம் விக்கறது அந்த அரசாங்க கம்பெனி, அதுமேல அதே வருசம் அமெரிக்காவும் ஐரோப்பாவும் தடை போட்டுச்சு. நம்ம நாட்டுல அப்படி தடை இல்ல, வாங்கறது குத்தமும் இல்ல, ஆனா தலைவாசலுக்கு வைக்கற மரத்தோட காசு யாருக்கு போகுதுன்னு சிலர் யோசிப்பாங்க, யோசிக்க அவங்களுக்கு வழி வேணும்ல.

எழுதறது ஒண்ணும் கஷ்டமில்ல. தூத்துக்குடியில கப்பல்ல எறங்கறப்போ கஸ்டம்ஸ் பேப்பர்ல எந்த நாட்டு சரக்குன்னு இருக்கும், பூச்சி நோய் இல்லன்னு அந்த நாட்டுக்காரங்க குடுத்த சர்டிபிகேட்டும் கூட இருக்கும். அதே மரம் லாரியில தொப்பூர் கணவாய் ஏறி நம்ம ஊருக்கு வர்றதுக்குள்ள நாட்டுப் பேரு காணாம போயிடுது. உங்க ஜிஎஸ்டி பில்லுல சரக்கு வகைய காட்டற 4403, 4407-ன்னு நம்பர் இருக்குது, 18 சதம் வரி இருக்குது, நாடு மட்டும் இல்ல. பாக்கெட்டுல அடைச்ச வெளிநாட்டு பிஸ்கட்டுலகூட எந்த நாடுன்னு போட்டே ஆகணும், லட்சக்கணக்குல குடுத்து வாங்கற மரத்துக்கு ஒரு வார்த்த இல்லையேண்ணே.

இதுல நம்ம ஊரு வெவசாயிக்கும் அடி விழுது. பென்னாகரம் பக்கம் வரப்புல தேக்கு வச்சு 25, 30 வருசம் காத்திருந்து வெட்டறவங்ககிட்ட, இது நாட்டுத் தேக்குதானேன்னு வெலய எறக்கறாங்க. அதே வயசு கானா மரம் பர்மான்னு பேரு மாறி ஒசந்த வெலைக்கு போகுது. பேர நேரா சொன்னா அந்த மரத்துக்கும் ஒரு நியாயமான வெல வரும்.

உங்க சங்கக் கூட்டத்துல இத பேசுங்க. தேக்கு, கானா, இத்தன கன அடின்னு எழுதுனா போதும். எந்த பேப்பர பாத்து எழுதுனீங்கன்னு கேட்டா காட்ட தயாரா இருந்தா இன்னும் நல்லது. வர்ற தையில எனக்கு மூணு வீட்டு வாசக்கால் வேல இருக்குது, மூணு வீட்டுக்காரங்களையும் கூட்டிக்கிட்டு நானே கடைக்கு வரேன், நாட்டுப் பேரு எழுதி பில்லு குடுக்கற கடையிலதான் எடுக்கப்போறோம்.