கடலூரின் செய்திக்குக் கடலூரே கூலி கொடுக்க வேண்டும்: வணிகர் சங்கங்களுக்கும் குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கும் ஒரு திறந்த மடல்

கடலூர் மாநகரின் வணிகர் சங்கங்களுக்கும் குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கும், அவற்றின் நிர்வாகிகள், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஊரில் ஒரு நாளிதழின் பகுதிநேர நிருபராக 22 ஆண்டுகள் இருந்துவிட்டு, அண்மையில் அந்த வேலையை விட்டவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். நான் கேட்பது ஒன்றுதான். நம் ஊர்ச் செய்தியைச் சேகரிப்பதற்கான கூலியை ஊர் மக்களாகிய நாமே மாதச் சந்தாவாக நேரடியாகக் கொடுத்து நடத்தும் ஒரு செய்தி அமைப்பை உருவாக்க உங்கள் சங்கங்கள் முன்வர வேண்டும்.

2024 டிசம்பர் 2-ஆம் தேதி அதிகாலையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஃபெஞ்சல் புயல் கொண்டுவந்த மழையில் சாத்தனூர் அணை நிரம்பி, விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டது. அந்தத் தண்ணீர் திருக்கோவிலூரைத் தாண்டி நம்மை வந்தடைய எடுத்துக்கொள்ளும் சில மணி நேரம்தான், நாணமேட்டிலும் உச்சிமேட்டிலும் குண்டுஉப்பலவாடியிலும் இருப்பவர்கள் மாடுகளை அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டவும், அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றவும், நடக்க முடியாதவர்களைத் தூக்கிச் செல்லவும் கிடைக்கின்ற நேரம். அணையிலிருந்து எவ்வளவு தண்ணீர் வருகிறது என்பதைத் தொலைக்காட்சிகள் சொல்லின. அரசின் எச்சரிக்கையும் வந்தது. ஆனால் எந்தத் தெருவுக்கு முதலில் தண்ணீர் ஏறும், எந்தச் சாலை துண்டிக்கப்படும், எந்த வழி கடைசி வரை திறந்திருக்கும் என்பதை, முந்தைய வெள்ளங்களில் அந்தக் கரையை நடந்து பார்த்துக் குறித்துவைத்த ஒருவரால்தான் சொல்ல முடியும். விடிவதற்குள் என் கைப்பேசிக்கு வந்த அழைப்புகள் எல்லாம் அதையேதான் கேட்டன. நான் ஒருவன், என்னிடம் இருந்தது ஓர் இருசக்கர வாகனம், நான் எழுதி அனுப்புவது அச்சாவதோ மறுநாள் காலையில். அதற்குள் வேறு ஏதோ ஆண்டில், வேறு ஏதோ மாநிலத்தில் எடுத்த வெள்ளக் காணொளிகள் நம் ஊரின் பெயரோடு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருந்தன. தானே புயலையும் 2015 வெள்ளத்தையும் பார்த்த ஒரு மாவட்டத் தலைநகரில், இந்த வேலையை முழுநேரமாகச் செய்வதற்கென்று ஊர் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் ஆள் ஒருவர்கூட இல்லை என்பது அன்று எனக்கு முகத்தில் அறைந்தாற்போல் உறைத்தது.

உள்ளூர் நிருபரின் வருமானம் எங்கிருந்து வருகிறது என்பது வெளியில் இருப்பவர்களில் பலருக்குத் தெரியாது. பகுதிநேர நிருபருக்குக் கிடைக்கும் மாதத் தொகை மிகச் சிறியது; பல இடங்களில் அதுவும் இல்லை, வெளியான செய்தியின் அளவைப் பார்த்துக் கூலி தருகிறார்கள். பெட்ரோலும் கைப்பேசிக் கட்டணமும் அவருடைய கையிலிருந்து போகின்றன. பத்திரிகை ஊழியர்களின் சம்பளத்தை வரையறுக்க மத்திய அரசு அமைத்த மஜீதியா ஊதியக் குழுவின் பரிந்துரைகள் 2011-இல் அறிவிக்கப்பட்டு, 2014 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அவை செல்லும் என்று சொன்ன பிறகும் அவற்றின் பயன் எங்களைப் போன்றவர்களை எட்டவில்லை. குடும்பம் நடப்பது விளம்பரக் கமிஷனில். தீபாவளி மலர், பொங்கல் மலர், பள்ளிச் சேர்க்கை மலர், தலைவர்களின் பிறந்தநாள் வாழ்த்து என்று ஆண்டு முழுவதும் விளம்பரம் பிடிக்க வேண்டும். அதை யாரிடம் போய்க் கேட்பது? யாரைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறதோ அவர்களிடம்தான். காலையில் ஒருவரிடம் நிருபராகக் கேள்வி கேட்டுவிட்டு, மாலையில் அதே மனிதரின் வாசலில் விளம்பரத்துக்காகக் காத்திருக்க வேண்டிய நிலையில் ஒருவரை வைத்துவிட்டு, அவரிடம் நடுநிலையை எதிர்பார்க்கிறோம்.

என் அனுபவத்திலிருந்து ஒன்றைச் சொல்கிறேன். ஒரு நிறுவனம் மழைநீர் வடிகாலின் மீது படிக்கட்டுக் கட்டிவிட்டது. அந்தத் தெருவில் இருந்தவர்கள் மனுக் கொடுத்து அலைந்து, கடைசியில் என்னிடம் வந்தார்கள். நேரில் பார்த்து, படம் எடுத்து, செய்தியை அனுப்பினேன். அதே வாரத்தில் சிறப்பு மலருக்காக அந்த நிறுவனத்திடம் நானே பேசி முடித்திருந்த அரைப்பக்க விளம்பரம் வெளியானது, செய்தி வெளியாகவில்லை. கமிஷன் எனக்கு வந்தது, அதை வைத்து மகளின் பள்ளிக் கட்டணத்தைக் கட்டினேன். அடுத்த மழையில் அந்தத் தெருவின் வீடுகளுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. செய்தி ஏன் வரவில்லை என்று அந்த வீட்டுக்காரர்கள் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. தனி ஒருவரின் கோழைத்தனம் என்று இதைச் சொன்னால் நான் மறுக்கமாட்டேன். ஆனால் என்னைவிடத் துணிச்சலான ஒருவரை அதே இடத்தில் வைத்தாலும் அவருக்கும் மாதக் கடைசி வரும்.

இப்போது அந்த விளம்பரமும் வற்றிக்கொண்டிருக்கிறது. ஒரு நாளிதழை அச்சிட ஆகும் செலவை அதன் விற்பனை விலை ஈடுகட்டுவதில்லை. மீதியை விளம்பரம்தான் சுமந்துவந்தது. அச்சுத்தாளுக்கு 2019-இல் 10 விழுக்காடு இறக்குமதி வரி வந்து, மறு ஆண்டு 5 விழுக்காடாகக் குறைந்தது. அந்த 2020-இலேயே கொரோனா ஊரடங்கு வந்தது. வீட்டுக்கு வந்துகொண்டிருந்த பேப்பரை நோய்க்கு அஞ்சி நிறுத்தியவர்களில் பலர் மீண்டும் போடச் சொல்லவில்லை. லாரன்ஸ் ரோட்டில் கடை வைத்திருப்பவர் இன்று தன் ஜவுளி விளம்பரத்தைப் பத்து கிலோமீட்டர் சுற்றளவில் இருப்பவர்களின் கைப்பேசிக்கு மட்டும் அனுப்பிவிட முடிகிறது. அதில் செலவும் குறைவு, எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கும் உடனே கிடைக்கிறது. அவரைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் அந்தப் பணம் கூகுளுக்கும் ஃபேஸ்புக்குக்கும் போய்ச் சேருகிறது; மாமன்றக் கூட்டத்தில் உட்கார்ந்து குறிப்பெடுக்கும் ஒருவருக்கு அதிலிருந்து ஒரு ரூபாயும் வருவதில்லை.

யூடியூப் இருக்கிறதே என்பீர்கள். என் தம்பிகளைப் போன்ற இளைஞர்கள் சிலர் சொந்த மைக்கும் கைப்பேசியுமாக நல்ல வேலை செய்கிறார்கள் என்பது உண்மை. அவர்களுடைய வருமானமோ பார்வைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. விபத்துக்கும் அடிதடிக்கும் பார்வை குவிகிறது; குடிநீர்க் குழாய்க்கான ஒப்பந்தப்புள்ளி யாருக்குப் போனது என்பதற்குக் குவிவதில்லை. மேலும், அந்தத் தளங்கள் நம்முடையவை அல்ல. செய்திகளுக்குப் பணம் தர வேண்டும் என்று கனடா 2023-இல் சட்டம் இயற்றியபோது, ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா அந்த நாட்டில் செய்திகளையே தன் தளங்களிலிருந்து நீக்கிவிட்டது; அதை நம்பியிருந்த சிற்றூர் இதழ்கள் ஒரே மாதத்தில் வாசகரை எட்டும் வழியை இழந்தன.

வாசகரே உடைமையாளராக இருக்கும் முறை புதிதன்று. ஜெர்மனியில் பெர்லினிலிருந்து வரும் டாஸ் நாளிதழ் 1992 முதல் கூட்டுறவாக நடக்கிறது. பல்லாயிரம் வாசகர்கள் அதன் பங்குதாரர்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 2014-இல் தொடங்கிய பிரிஸ்டல் கேபிள், ஒரே ஒரு நகரத்துக்காக, அந்நகர மக்கள் மாதச் சந்தா கொடுத்து உடைமையாளராக இருக்கும் கூட்டுறவு. அவை பணக்கார நாடுகள் என்றால், உத்தரப் பிரதேசத்தின் பின்தங்கிய பந்தேல்கண்ட் பகுதியில் 2002 முதல் கிராமத்துப் பெண்களே நடத்திவரும் கபர் லஹரியாவைப் பாருங்கள். அச்சிதழாகத் தொடங்கிக் கைப்பேசிக் காணொளிக்கு மாறிய பிறகும், மணல் கொள்ளையையும் கைப்பம்பு பழுதையும் அவர்கள் விடவில்லை.

நமக்கு அருகிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. சென்னையில் அடக்குமுறை கடுமையானதும் பாரதியாரின் இந்தியா வார இதழ் 1908-இல் புதுச்சேரிக்கு இடம்பெயர்ந்தது. அந்த இதழ் எல்லாருக்கும் ஒரே சந்தா வைக்கவில்லை; ஜமீன்தாருக்கும் செல்வந்தருக்கும் அதிகம், எளியவருக்குக் குறைவு என்று வசதிக்கேற்ப வைத்திருந்தது. பிரஞ்சு எல்லைக்குள் கை வைக்க முடியாத ஆங்கில அரசு, இதழ் தன் எல்லைக்குள் வருவதைத் தடுத்தது. சந்தாதாரர்களில் பெரும்பாலோர் அந்தப் பக்கம் இருந்ததால் 1910-இல் இதழ் நின்றது. வாசகரின் சந்தாவே ஓர் இதழின் உயிர் என்பதை அன்றைய அரசு நம்மைவிட நன்றாகப் புரிந்துவைத்திருந்தது.

இனி என் கணக்கு. கடலூரின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 1.73 லட்சம். வீட்டுக்கு நான்கு பேர் என்று வைத்தால் 43 ஆயிரம் குடும்பங்கள். அவற்றில் நூற்றுக்கு ஏழு, அதாவது 3,000 குடும்பங்கள் மாதம் 50 ரூபாய் தந்தால் 1,50,000 ரூபாய். 300 கடைகள் மாதம் 200 ரூபாய் தந்தால் இன்னும் 60,000. இந்தத் தொகையில் ஐந்து முழுநேர நிருபர்களுக்குத் தலா 20,000 ரூபாய், ஓர் ஆசிரியருக்கு 30,000 ரூபாய் போக, 80,000 ரூபாய் மிஞ்சுகிறது. வாடகை, வாகனச் செலவு, கைப்பேசி வாயிலாகத் தினமும் செய்தி அனுப்பும் செலவு, வாரம் ஒருமுறை நான்கு பக்கம் அச்சிடும் செலவு ஆகியவற்றுக்கு அது போதும் என்று நினைக்கிறேன். முதியவர்களுக்காகவும், தேநீர்க் கடையில் சேர்ந்து படிப்பவர்களுக்காகவும் அந்த நான்கு பக்கம் அச்சில் வர வேண்டும் என்பது என் விருப்பம். ஐவரில் ஒருவர் மாநகராட்சிக்கும் ஒருவர் ஆறுகளுக்கும் கடலோரத்துக்கும் ஒருவர் சிப்காட் தொழிற்பேட்டைக்கும் என்று பிரித்துக்கொண்டால், இதுவரை யாரும் தொடர்ந்து எழுதாத செய்திகள் வரத் தொடங்கும். மக்களும் உதவுவார்கள், குடிகாடு, ஈச்சங்காடு போன்ற ஊர்களில் சாதாரண மக்கள் 2004 முதல் எந்த நேரத்தில் எந்தத் தொழிற்சாலைப் பக்கமிருந்து என்ன நாற்றம் வந்தது என்று நாள்தோறும் குறித்து, காற்று மாதிரியையும் எடுத்துப் புகார் செய்ததை நாம் பார்த்திருக்கிறோம்.

கூட்டுறவுச் சங்கமாகவோ இலாப நோக்கற்ற நிறுவனமாகவோ பதிவு செய்வதைச் சட்டம் தெரிந்தவர்கள் முடிவு செய்யட்டும். எனக்கு முக்கியமானவை வேறு. விளம்பரம் வாங்கலாம், ஆனால் நிருபர் விளம்பரம் கேட்டுப் போகக் கூடாது, கமிஷன் என்ற சொல்லே அவருடைய வேலையில் இருக்கக் கூடாது. எந்த ஒரு விளம்பரதாரரின் பணமும் மொத்த வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. கட்சிகளின் வாழ்த்து விளம்பரம் வேண்டாம். பணத்தைப் பார்க்கும் குழு செய்தியில் தலையிடக் கூடாது. வரவு செலவை ஆண்டுக்கு இருமுறை வெளியிட வேண்டும். 50 ரூபாய் தருபவருக்கும் 200 ரூபாய் தருபவருக்கும் வாக்கு ஒன்றுதான்.

வணிகர்களில் சிலருக்கு ஒரு தயக்கம் இருக்கும் என்பதை அறிவேன். நம்மைக் குறை சொல்லி எழுதுவதற்கு நாமே பணம் தருவதா? உங்களில் ஒருவரைப் பற்றி எழுத வேண்டிய நாள் கட்டாயம் வரும். வராது என்று சொல்லி உங்களிடம் சந்தா வாங்கினால் அது ஏமாற்று. ஆனால் வடிகால் அடைபட்டால் மூழ்குவது உங்கள் கிடங்குகளும்தான். புதிய பேருந்து நிலையம் எங்கே வரும் என்ற கேள்வி ஆண்டுக்கணக்கில் இழுபட்டபோது, முழு விவரம் கிடைக்காமல் வதந்தியை நம்பி இடம் வாங்கியவர்களும் விற்றவர்களும் உங்களிடையே இருக்கிறார்கள். அமெரிக்காவில் உள்ளூர் நாளிதழ் மூடப்பட்ட பகுதிகளை ஆராய்ந்தபோது, அங்குள்ள உள்ளாட்சிகள் கடன் வாங்குவதற்கான வட்டி பின்னர் உயர்ந்திருந்தது தெரியவந்தது. கேள்வி கேட்க ஆள் இல்லாத இடத்தில் பணம் போடுவது ஆபத்து என்று கடன் கொடுப்பவர்கள் கருதியதே காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினர். அந்தக் கூடுதல் வட்டி கடைசியில் வரி கட்டுபவர் தலையில்தான் விழும்.

ஆகவே, உங்கள் சங்கங்களின் அடுத்த மாதக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு சங்கமும் இருவரை நியமித்தால், மஞ்சக்குப்பத்திலோ திருப்பாதிரிப்புலியூரிலோ ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கூடிப் பேசலாம். 22 ஆண்டுகளாக நான் எழுதிவைத்த குறிப்பேடுகளை, எந்த மழையில் எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்பது உட்பட, அந்தக் கூட்டத்துக்குக் கொண்டுவருகிறேன். அமைப்பு உருவானால் அவை அதற்குச் சொந்தம். நான் அதில் எந்தப் பதவிக்கும் வரமாட்டேன். இளம் நிருபர்களுக்கு ஆற்றங்கரையை நடந்து காட்ட மட்டும் வருவேன். வடகிழக்குப் பருவமழைக்கு முன் இந்தக் கூட்டம் நடந்தால் நல்லது.

இப்படிக்கு,
முன்னாள் பகுதிநேர நிருபர் ஒருவர்,
கடலூர்