டிங்போச்சேயில் தங்கும் நாளை ரத்து செய்தது குறித்துப் புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா,

வணக்கம். போன், மெயில், வாட்ஸ்அப் என்று எல்லா வழியிலும் கேட்டு ஓய்ந்துபோய் இந்தக் கடிதத்தை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புகிறேன். தயவுசெய்து இதையாவது முழுதாகப் படியுங்கள்.

எவரெஸ்ட் பேஸ் கேம்ப் பயணத் திட்டத்தில், உடம்பு உயரத்துக்குப் பழக நாம்சே பஜாரில் ஒரு நாள், டிங்போச்சேயில் ஒரு நாள் என்று போட்டிருந்தீர்கள். அதைப் பார்த்துத்தான் உங்களிடம் பணம் கட்டினோம். நாம்சேயில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சியாங்போச்சே வழியாக எவரெஸ்ட் வியூ ஹோட்டல் வரை, 3,880 மீட்டர், ஏறிவிட்டு நாம்சேயின் 3,440-க்கே இறங்கி வந்து படுத்தோம். தம்பிக்கு இருந்த தலைவலி மறுநாள் போய்விட்டது.

டிங்போச்சேயில் அந்த நாளையே காணோம்! நாங்கார்ட்ஷாங் மலையில் முடிந்த மட்டும் ஏறி இறங்கி, 4,410 மீட்டரிலேயே இரண்டாம் இரவும் தூங்கியிருக்க வேண்டும். உங்கள் கைடு விடியும் முன்னே கதவைத் தட்டி, "இன்னொரு ராத்திரிக்கு ரூம் போடலை, லொபூச்சே கிளம்பலாம்" என்றார். லொபூச்சே 4,940 மீட்டர். 3,000 மீட்டருக்கு மேலே போய்விட்டால் படுக்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை கூட்டாமலே தங்க வேண்டும் என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டுமா? உங்கள் தொழிலே அதுதானே.

லொபூச்சே போகும் வழியில் துக்லா ஏற்றத்திலேயே தம்பி உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தான். ராத்திரி முழுக்க வாந்தி. கழிப்பறைக்கு எழுந்தவன் நேராக நடக்க முடியாமல் பலகைச் சுவரைப் பிடித்துக்கொண்டு தள்ளாடினான். காலையும் மாலையும் ஆக்ஸிஜன் அளவு பார்ப்போம் என்று சொல்லியிருந்தீர்கள். கைடு ஆக்ஸிமீட்டரை அவன் விரலில் மாட்டினார்; திரை எரியவில்லை. இரண்டு தட்டு தட்டிப் பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டார். பேட்டரி இல்லை! விடிந்ததும் நாங்களே குதிரை பிடித்துப் பெரிச்சே கிளினிக்குக்கு இறக்கினோம். மூளையில் நீர் கோக்கிற அறிகுறி, மேலே ஏறவே கூடாது என்றார் டாக்டர். உங்கள் போர்ட்டர் மட்டும் கூடவே வந்தார். அவர் நன்றாக இருக்கட்டும்.

இதைச் சொல்லத் திருச்சியிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து உங்கள் சென்னை அலுவலகத்துக்கு வந்தேன். வரச் சொன்னதே நீங்கள்தான். மேலாளர் லீவு என்றார்கள். முன்மேசையில் இருந்த நீலச் சட்டைக்காரர் போனிலிருந்து தலையைத் தூக்காமலே, "ரெஸ்ட் டே தானே சார், ஒரு நாள் மிச்சம்னு நினைச்சுக்கோங்க" என்றார். செத்துப் பிழைத்து வந்தவனின் அண்ணனிடம் பேசுகிற பேச்சா இது? உட்காரக்கூடச் சொல்லவில்லை. குதிரைக்காரரின் ரசீதை நீட்டினால், "நீங்களா இறங்கினதுக்கு நாங்க எப்படிப் பொறுப்பு?" என்கிறார்.

அதற்கப்புறம் வந்த உங்கள் மெயிலில் வானிலை சரியில்லாததால் திட்டம் மாறியதாம். அன்று காலை டிங்போச்சேயில் ஒரு பொட்டு மேகம் இல்லை. அமா டப்ளம் சிகரம் பளிச்சென்று தெரியும் போட்டோவை எங்கள் குரூப்பில் போட்டதே உங்கள் கைடுதான். ரூம் போடாததை மறைக்க மழையா?

எங்கள் வாழ்நாள் சேமிப்பும் கனவும் மண்ணாகிவிட்டன. தம்பி இன்னும் மாடிப்படி ஏறவே பயப்படுகிறான். இதற்கெல்லாம் எந்தப் பணமும் ஈடாகாது. ஆனாலும் கேட்கிறேன்: இருவரும் கட்டிய முழுத் தொகை, குதிரைக் கூலி, கிளினிக் செலவு. நீலச் சட்டைக்காரர் என் தம்பிக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்க வேண்டும். இதில் நான் இறங்கி வர மாட்டேன்.

நல்லபடியாக முடிக்கலாம் என்றே இன்னும் நினைக்கிறேன். 15 நாளுக்குள் பதில் இல்லையென்றால் திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுவேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி என் ஊரிலேயே போடலாம். நீங்கள்தான் இங்கே வர வேண்டியிருக்கும். ரசீதுகளின் நகல், டாக்டர் சீட்டு, அந்தப் போட்டோ மூன்றும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
திருச்சி.