மனுவின் பின்பக்கத்தில் எழுதித் தந்தவருக்கும் மற்றவர்களுக்கும்

மனநல வார்டில் கட்டிவைக்கப்பட்டிருந்த எங்கள் வீட்டவர் ஒருவர் இறந்துபோனது இதைப் படிக்கிற உங்களுக்குத் தெரியும். அந்த மரணம் பற்றிய விசாரணைக்கு உத்தரவு வந்துவிட்டது. நன்றியைத் தள்ளிப்போட மனமில்லை.

முதலில், பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஆஸ்பத்திரிப் பதிவறை ஊழியருக்கு. "சிகிச்சை ஆவணங்கள்" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டிருந்த எங்கள் மனுவைப் பார்த்துவிட்டு, "இப்படிக் கேட்டா டெத் சம்மரி மட்டும்தான் வரும். ஒவ்வொரு தாளுக்கும் பேர் இருக்கும்மா, அதைச் சொல்லிக் கேளுங்க" என்றவர், பென்சிலை எடுத்துப் பின்பக்கத்தில் எழுதினார்: கேஸ் ஷீட் முழுசாக, நர்சிங் குறிப்புகள், மருந்து சார்ட், கண்காணிப்பு சார்ட், கட்டிவைத்ததற்கான பதிவு, டியூட்டி மாற்றக் குறிப்பேடு. எல்லாம் பக்க எண்ணோடு, சான்றொப்பத்தோடு. மனுவின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கச் சொன்னார். ஆவணங்களை 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்கின்றன மருத்துவர்களுக்கான 2002 நடத்தை விதிகள். முத்திரை இல்லாவிட்டால் அந்த மணிக்கணக்கு எப்போது தொடங்கியது என்று யார் சொல்வது?

அவர் எந்த ரகசியத்தையும் வெளியிடவில்லை, ஒரு தாளைக்கூட எடுத்து நீட்டவில்லை. ஆனால் வழக்கு நிற்பதே அந்தத் தாள்களில்தான். டெத் சம்மரி இறந்த பிறகு எழுதப்படுவது. சார்ட் அந்தந்த நேரத்தில் எழுதப்பட வேண்டியது. இரவு முழுக்க ஒரே பேனா, ஒரே கையெழுத்து, 1.00, 1.15, 1.30 என்று பிசகாத நேரம் இருந்தால், பிறகு உட்கார்ந்து எழுதியதா என்று டியூட்டி பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மயக்க ஊசி போட்டபின் நாடி, ரத்த அழுத்தம், மூச்சு குறிக்க வேண்டிய கட்டங்கள் காலியாக இருந்தால் அது இன்னும் மோசம். கட்டிவைத்தால் காரணம், முறை, எவ்வளவு நேரம் என்று உடனே பதிய வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நியமனப் பிரதிநிதிக்கு (நோயாளியின் சார்பில் பேச நியமிக்கப்பட்டவருக்கு) சொல்ல வேண்டும், மாதந்தோறும் மனநல மறுஆய்வு வாரியத்துக்கும் அறிக்கை போக வேண்டும் என்கிறது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 97ஆம் பிரிவு. வார்டில் தாள் "காணோம்" என்றாலும், வாரியத்துக்குப் போன அறிக்கையைக் கேட்க வழியுண்டு.

நெடுநேரம் அசையவிடாமல் கிடத்தினால் காலில் ரத்தம் உறைந்து நுரையீரலை அடைக்கலாம் என்று விளக்கி, பிரேதப் பரிசோதனை அறிக்கையை வரிவரியாகப் படித்துச் சொன்ன டாக்டருக்கும், நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுப்பதற்கான 2 ஆண்டு கெடுவை நினைவூட்டிய வழக்கறிஞருக்கும், பிணவறை வாசலில் கூடவே நின்ற குடும்பங்களுக்கும் கைகூப்பி நன்றி.

பென்சில் எழுத்து மங்குமுன் அதை மாதிரி மனுவாக டைப் செய்துவிட்டோம். கேட்கிற எந்தக் குடும்பத்துக்கும் தருவோம். பெயர், தேதி, வார்டு மாற்றினால் போதும். கட்டிவைத்த பதிவு பற்றிய வரியை மட்டும் எடுத்துவிடாதீர்கள். "அப்படி எதுவும் நடக்கவில்லை" என்றால், அதையும் எழுத்தில் வாங்குங்கள்.