வீட்டைக் கேட்டு நாள் குறியுங்கள்

வரலாற்றுச் சிறப்புமிக்க இல்லங்களையும் அவற்றைச் சூழ்ந்த தோட்டங்களையும் அருங்காட்சியகங்களாகப் பேணிவரும் நிர்வாகக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

இத்தகைய ஓர் இல்லத்தில் நான் பல ஆண்டுகள் தன்னார்வ வழிகாட்டியாக இருந்தேன். பார்வையாளர்களை அறை அறையாக அழைத்துச் சென்று, மாலையில் கடைசிச் சன்னலின் திரையை இழுத்துவிட்டு வெளியேறிய அந்த நாட்களின் உரிமையில் இம்மடலை எழுதுகிறேன். இசைமாலை, தோட்டத் திருவிழா, நாடகம், திருமண வரவேற்பு, நிறுவன விருந்து என உங்கள் நாட்காட்டிகள் ஆண்டுக்கு ஆண்டு நிரம்பிவருகின்றன. கூரையின் ஒழுக்கை அடைக்கவும் தோட்டக்காரருக்கு ஊதியம் கொடுக்கவும் அந்த வருமானம் எவ்வளவு தேவை என்பதை அருகிலிருந்து பார்த்திருப்பதால், நிகழ்ச்சிகளே வேண்டாம் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். நான் கேட்பது ஒன்றுதான். முன்பதிவை முடித்துவிட்டுப் பராமரிப்பவர்களுக்குத் தகவல் சொல்லும் வழக்கத்தைக் கைவிட்டு, அந்த வீடும் தோட்டமும் எவ்வளவு தாங்கும் என்பதை அவர்கள் முதலில் எழுதித்தரட்டும். அந்த வரம்புக்குள் உங்கள் நாட்காட்டி அமையட்டும்.

இந்த வீடுகள் ஒரு குடும்பமும் அதன் விருந்தினர்களும் புழங்குவதற்காகக் கட்டப்பட்டவை. அமைதியாக அமர்ந்திருக்கும் ஒரு மனிதரின் உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. மூச்சின் வழியாகவும் தோலின் வழியாகவும் மணிக்கு 50 கிராம் அளவில் ஈரம் வெளியேறுகிறது. நூறு பேர் இரண்டு மணி நேரம் ஒரு கூடத்தில் அமர்ந்து இசை கேட்டால், சுமார் 10 லிட்டர் நீர் ஆவியாக அந்த அறையின் காற்றில் கலக்கிறது என்று பொருள். மரப்பேழைகளும், துணியில் தீட்டிய ஓவியங்களும், பொன்தகடு ஒட்டிய சட்டங்களும் அந்த ஈரத்தை உறிஞ்சி உப்புகின்றன. கூட்டம் கலைந்து காற்று உலர்ந்ததும் சுருங்குகின்றன. ஒரே மாலையில் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. ஆண்டுக்கு நாற்பது மாலைகள் என்று தொடரும்போது பேழையின் மேல் ஒட்டிய மெல்லிய மரத்தகடு மூலையில் பெயர்கிறது, வண்ணம் செதில் செதிலாக எழும்புகிறது.

ஒளியும் இப்படித்தான் கணக்கு வைத்துக்கொள்கிறது. பழைய பட்டுத் திரைக்கும் நீர்வண்ண ஓவியத்திற்கும் 50 லக்ஸ் (பரப்பில் விழும் ஒளியை அளக்கும் அலகு) போதும் என்று அருங்காட்சியகங்கள் கடைப்பிடிக்கும் வரம்பு, ஒளியின் சேதம் சேர்ந்துகொண்டே போவது, திரும்பப் பெற முடியாதது என்ற அறிவிலிருந்து பிறந்தது. புகைப்படத்திற்காக ஒரு மணி நேரம் எரியும் 500 லக்ஸ் விளக்கு, பத்து மணி நேரக் காட்சியை அந்தப் பட்டிலிருந்து எடுத்துக்கொள்கிறது. குதிகால் கூர்மையான செருப்பு, உடல் எடையின் பெரும்பகுதியை ஒரு விரல்நுனிப் பரப்பில் இறக்கி மரத்தளத்தில் குழி பதிக்கிறது. சிந்திய உணவுத் துணுக்குகள் பூச்சிகளை அழைத்துவருகின்றன. உணவுக்காக வந்தவை கம்பளத்தையும் புத்தகத்தையும் விட்டுவைப்பதில்லை. ஒரு விருந்துக்கு மறுநாள் காலை, நான் பணிபுரிந்த இல்லத்தின் பியானோ மூடியில் ஈரக் கோப்பை வைத்த வெள்ளை வளையத்தைக் கண்டேன். அதைத் துடைத்துப் பார்த்த என் கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது. கோப்பையை அங்கே வைக்கக்கூடாது என்று விருந்தினரிடம் சொல்ல, விருந்தின்போது அந்த அறையில் யாரையும் நிறுத்தவில்லை. பிழை விருந்தினருடையது அன்று.

நெருப்பைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை என்றாலும் சொல்லாமல் விடவும் முடியாது. 1992 நவம்பர் 20 அன்று வின்ட்சர் கோட்டையில் திரைச்சீலை ஒன்று ஸ்பாட்லைட்டின் வெப்பத்தில் பற்றிக்கொண்டதால் 115 அறைகள் சேதமடைந்தன. சீரமைக்க ஐந்து ஆண்டுகள் பிடித்தன. 2015 ஏப்ரலில் இங்கிலாந்தின் கிளாண்டன் பார்க் மாளிகையை, அடித்தளத்திலிருந்த மின்பகிர்மானப் பலகையின் கோளாறு பெரும்பாலும் வெறும் சுவர்களாக்கியது. அவை விருந்துகளால் நேர்ந்தவை என்று நான் சொல்லவில்லை. ஒரு விளக்கும் ஒரு மின் இணைப்பும் போதும் என்பதையே அவை காட்டுகின்றன. நிகழ்ச்சி நாட்களில் நாம் டசன் கணக்கில் தற்காலிக விளக்குகளையும் நீட்டிப்புக் கம்பிகளையும் உள்ளே கொண்டுவருகிறோம்.

தோட்டத்தைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல அதிகம் இருக்கிறது. வீட்டுக்குள் கூட்டத்தை அனுமதிக்கத் தயங்குபவர்கள்கூடத் தோட்டம் எதையும் தாங்கும் என்று எண்ணிவிடுகிறார்கள். லண்டனின் கியூ தாவரவியல் பூங்காவில் 1798-இல் நடப்பட்ட டர்னர் ஓக் என்ற மரம் 1980-களில் நலிந்துகொண்டிருந்தது. 1987 அக்டோபரில் வீசிய பெரும்புயல் அதை வேர்த்தட்டோடு தூக்கி மீண்டும் அதே இடத்தில் இறக்கிவைத்தது. விழுந்துகிடந்த மற்ற மரங்களை முதலில் அகற்ற வேண்டியிருந்ததால், இதற்கு முட்டுக்கொடுத்துவிட்டுப் போன பணியாளர்கள், சில ஆண்டுகளில் அது முன்பைவிடச் செழித்து வளர்வதைக் கண்டார்கள். தலைமுறை தலைமுறையாகப் பார்வையாளர்களின் காலடிகள் இறுக்கியிருந்த மண்ணைப் புயல் உலுக்கித் தளர்த்தி, வேர்களுக்குக் காற்றும் நீரும் போக வழிசெய்திருந்தது. அந்தப் பாடத்திற்குப் பிறகு, முதிய மரங்களின் அடிமண்ணில் அழுத்தக் காற்றைச் செலுத்தி இறுக்கத்தைத் தளர்த்தும் முறையை அங்கே பின்பற்றத் தொடங்கினார்கள்.

வெறும் காலடிகளே இவ்வளவு செய்யுமானால், மழை பெய்த மறுநாள் பந்தல் கம்பங்களை ஏற்றிவரும் லாரி என்ன செய்யும்? நீரையும் சத்தையும் உறிஞ்சும் நுண்வேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணின் அறுபது சென்டிமீட்டருக்குள், கிளைகளின் நிழலைத் தாண்டியும் பரந்து கிடக்கின்றன. நிகழ்ச்சி முடிந்த வாரமே புல் மீண்டும் முளைத்துவிடுவதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று தோன்றும். மரம் தன் நோவைச் சொல்ல மூன்று, நான்கு ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும். அதற்குள் அந்த நிகழ்ச்சியை அனுமதித்தவர் வேறு பொறுப்புக்குப் போயிருப்பார். நுனிக்கிளைகள் காய்ந்து வருவதைக் கண்டு காரணம் தேடிக்கொண்டிருந்த எங்கள் தோட்டக்காரர், பழைய ஒளிப்படம் ஒன்றில் அந்த மரத்தடியிலேயே கூடாரம் நிற்பதைக் கண்டு ஒன்றும் பேசாமல் போனார்.

வரலாற்றுத் தோட்டங்களுக்காக 1981-இல் வகுக்கப்பட்ட புளோரன்ஸ் சாசனம் இதை முன்பே சிந்தித்திருக்கிறது. தோட்டம் இயல்பிலேயே அமைதிக்குரிய இடம், எப்போதாவது அங்கே நடக்கும் விழா தோட்டத்தின் அழகைக் கூட்டுவதாக இருக்க வேண்டுமே தவிர அதைச் சிதைக்கக்கூடாது என்பதே அதன் கருத்து. அதிலுள்ள "எப்போதாவது" என்ற அளவை உங்கள் கூட்டங்களில் வாய்விட்டுப் படிக்க வேண்டுகிறேன்.

அழகைக் கூட்டும் விழா எப்படியிருக்கும் என்பதற்குச் சான்று உண்டு. பாஸ்டனில் இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் என்ற பெண்மணி தம் கலைச்சேகரத்திற்காகக் கட்டிய இல்லம் 1903 புத்தாண்டு இரவில் இசைநிகழ்ச்சியோடு திறக்கப்பட்டது. இன்றும் அங்கே இசை நடக்கிறது. ஒவ்வொரு வசந்தத்திலும் உள்முற்றத்தின் மாடங்களிலிருந்து நீண்டு தொங்கும் நாஸ்டர்ஷியம் கொடிகளும் அவர் காலத்து வழக்கமே. அந்த இசையும் மலர்களும் அந்த வீட்டுக்கே உரியவை; வேறொரு மண்டபத்திற்கு அவற்றைப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது. உங்கள் இல்லத்திலும் அப்படி ஏதேனும் இருக்கும்: அங்கே வாழ்ந்தவர் எழுதிய கடிதங்களை அவர் எழுதிய அறையிலேயே இருபது பேருக்கு வாசித்துக்காட்டலாம், விதை சேகரிக்கும் பருவத்தில் தோட்டக்காரரோடு ஒரு காலைநடை வைக்கலாம், சமையலறைப் பாத்திரங்களைத் துலக்கும் நாளைப் பூட்டிய கதவுக்குப் பின்னால் செய்யாமல் குழந்தைகளுக்குத் திறந்துவைக்கலாம். எங்கள் இல்லத்தில் நான் கண்டவற்றுள் மிக நிறைவான நிகழ்ச்சி, கடிகாரங்களுக்குச் சாவிகொடுப்பதைப் பார்க்க வந்த பதினைந்து பேரின் அரைமணி நேரம்தான்.

இன்னொன்றும் உண்டு. 1984-இல் பிரான்சு தன் வரலாற்றுச் சின்னங்களின் கதவுகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவைத்த வழக்கம், 1991 முதல் ஐரோப்பிய மரபுரிமை நாட்களாகப் பல நாடுகளுக்கும் பரவியது. வாடகை விருந்துக்காக இல்லத்தை மூடும் ஒவ்வொரு மாலைக்கும் ஈடாக, கட்டணமில்லாமல் அனைவருக்கும் திறக்கும் ஒரு நாளையாவது ஒதுக்குங்கள். படியேற முடியாதவர்கள் தரைத்தளத்திலேயே முழு நிகழ்ச்சியையும் காணும்படி அமையுங்கள்.

அறைவாரியாக ஆட்களின் உச்ச எண்ணிக்கையும், மரவாரியாக வேர்ப்பரப்பின் எல்லையும், ஈரமண்ணில் வண்டி ஏறாத மாதங்களும் எழுதப்பட்ட ஒரு தாளை முன்பதிவு மேசையில் ஒட்டிவைக்க அதிகச் செலவாகாது. நிகழ்ச்சி வருமானத்தில் ஒரு பங்கை அந்தந்த அறைக்கும் அந்தந்த மரத்தடிக்கும் திருப்பிச் செலுத்துவதாகத் தீர்மானம் எழுதுங்கள். அடுத்த ஆண்டின் நாட்காட்டியை வகுக்க நீங்கள் கூடும் அன்று, கலைப்பொருள் பாதுகாப்பு வல்லுநருக்கும் தோட்டக்காரருக்கும் அந்த மேசையில் இடமளித்து, முதல் பேச்சை அவர்களுக்கே கொடுங்கள்.

அன்புடன்,
முன்னாள் தன்னார்வ வழிகாட்டி ஒருத்தி