வளர்க்கக் கடல் மீன் வாங்கும்போது அது தீனி தின்பதைக் காட்டச் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வண்ண மீன் வளர்ப்பு பற்றி அவ்வப்போது எழுதுகிறீர்கள், சந்தோஷம். ஆனால் கடல் மீனையும் கப்பி, மோலி போன்ற நன்னீர் மீன் கணக்கிலேயே சேர்த்து எழுதிவிடுகிறீர்கள். சென்னை கொளத்தூரில் விற்கிற கப்பி தொட்டியிலேயே பிறந்து வளர்ந்தது. கடல் மீனில் நீமோ மாதிரி சிலவற்றைத்தான் குஞ்சு பொரிக்க வைக்கிறார்கள். மற்றதெல்லாம் பெரும்பாலும் சில நாள் முன்புவரை பவளப்பாறையில் மேய்ந்துகொண்டிருந்தவை. வலையில் சிக்கி, பாலிதீன் பையில் தன் கழிவின் அம்மோனியாவையே சுவாசித்து, இரண்டு மூன்று கை மாறி, பட்டினியாக நம் வீட்டுக்கு வருகின்றன.

போன வருடம் ஒரு வண்ணத்துப்பூச்சி மீன் வாங்கினேன். கடை பெயர் வேண்டாம். "நல்லா சாப்பிடும் சார்" என்றார்கள், நானும் நம்பி நேராகப் பெரிய தொட்டியில் விட்டேன். நான்கு நாளாக எதையும் தொடவில்லை. மேலிருந்து பார்த்தபோதுதான் தலைக்குப் பின்னால் முதுகுச் சதை வற்றி, கத்தி முனை மாதிரி இருந்தது தெரிந்தது. நான்கு நாளில் அப்படி வற்றாது, கடையிலேயே அது சாப்பிடவில்லை. மட்டியை ஓட்டோடு பிளந்து உள்ளே வைத்தேன், ஒரு கொத்து கொத்தித் துப்பியது, அவ்வளவுதான். எட்டாம் நாள் போய்விட்டது.

அதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். மற்ற மீன்களின் துடுப்பில் உப்புத் தூவினாற்போல் வெள்ளைப் புள்ளிகள் வந்தன, மூன்று நான்கு நாளில் மறைந்தும்விட்டன. சரியாகிவிட்டது என்று நினைத்தேன். பெரும்பாலானவர்கள் ஏமாறுவது இங்கேதான். அந்தப் புள்ளிகளை உண்டாக்கும் ஒட்டுண்ணி மீனைவிட்டு இறங்கி மணலில் கூடு கட்டிக்கொள்கிறது, கூடு வெடிக்கும்போது ஒன்று நூற்றுக்கணக்காகிறது. இரண்டாம் முறை வந்தபோது செவுளையே அடைத்துவிட்டது. அதற்கான தாமிர மருந்தைப் பவள உயிர்களும் இறாலும் இருக்கிற தொட்டியில் ஊற்றவும் முடியாது, அவை செத்துவிடும். லிட்டருக்கு 0.15 முதல் 0.2 மில்லிகிராம் என்ற அளவில் தினமும் சோதித்துச் சோதித்து, தனித்தொட்டியில் வைத்துத்தான் கொடுக்க வேண்டும். என்னிடம் தனித்தொட்டி எங்கே இருந்தது!

இப்போது இருக்கிறது. மணல் இல்லாத வெறும் தொட்டி, ஒளிந்துகொள்ள இரண்டு பிவிசி குழாய். புது மீன் குறைந்தது நான்கு வாரம் அதில்தான். காலையில் விளக்குப் போடுவதற்கு முன்னால் செல்போனில் ஒரு நிமிடம் வைத்து, செவுள் மூடி எத்தனை தரம் திறந்து மூடுகிறது என்று எண்ணி நோட்டில் குறிக்கிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள். போன மாதம் வந்த மீன் ஒன்று 80 சொச்சத்தில் இருந்து ஒரே ராத்திரியில் 130க்குப் போனது, உடம்பில் ஒரு புள்ளிகூட இல்லை. அன்றே மருந்து தொடங்கினேன், பிழைத்தது. மீன் குழாயில் உடம்பைத் தேய்க்கிறதா, பம்ப் தண்ணீர் வருகிற பக்கமே மூஞ்சியை வைத்துக்கொண்டு நிற்கிறதா, எச்சம் வெள்ளை நூலாக வருகிறதா என்ற நோய்க்குறிகளையும் பார்த்துக்கொள்வேன்.

இது ஒன்றும் என் கண்டுபிடிப்பு இல்லை. ராமேசுவரம் பக்கத்து மண்டபம் ஊரில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் 2010ல் கடல் விரால் (கோபியா) மீனை முட்டையிட வைத்தார்களே, அந்தத் தாய்மீன்களும் கடலில் பிடித்தவைதான். பிடித்து வந்த மீனைக் கொஞ்ச காலம் ஒதுக்கி வைத்துப் பார்ப்பது அந்தத் தொழிலில் பாலபாடம். சில்லறைக் கடையில்தான் காலையில் இறங்கிய சரக்கு சாயங்காலம் விற்றுப்போகிறது.

மீன் வந்த தேதியைத் தொட்டியில் ஒட்டுங்கள், வாங்குகிறவர் கண்ணெதிரே தீனி போட்டுக் காட்டுங்கள். இதைக் கடைக்காரர்களுக்கு உறைக்கும்படி நீங்கள் ஒருமுறை எழுதினால் நன்றாக இருக்கும். தேதி கேட்டதற்கு ஒரு கடையில் என்னை "வாங்குறதுன்னா வாங்குங்க சார்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ஒரு வாசகர்,
அம்பத்தூர்