சுந்தரம் சாரின் குளம்

அன்புள்ள மணி,

நான்கு மாதமாகப் பதில் போடவில்லை. கோபப்பட உனக்கு முழு உரிமை உண்டு. பட்டுவிட்டு மேலே படி.

சுந்தரம் சார் வீட்டைக் காலி செய்கிறார். இனி மகளோடுதான். அங்கே அவருக்கு ஒரே அறை. அந்த ரயில் பலகைக்கு, அதாவது பலகைமேல் அவர் கட்டிய குட்டி ரயில் உலகத்துக்கு, இடமில்லை. நான் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக அதைத்தான் பிரித்துக்கொண்டிருக்கிறேன்.

இங்கே எல்லோரும் சுகம். முழங்கால் வலி குறைந்ததா? ராதாவை விசாரித்ததாகச் சொல்.

விஷயத்துக்கு வருகிறேன். அவர் எல்லாவற்றையும் பெட்டி பெட்டியாக விலைக்கு வாங்குகிறார் என்று அடித்துச் சொல்வாயே, தோற்றுவிட்டாய்! சரக்குக் கொட்டகையோரம் நிற்கும் எண்ணெய்ப் பீப்பாய்கள் பன்னிரண்டும் ஸ்ட்ராவை நறுக்கிச் செய்தவை. கணக்கைப் பார்: 200 லிட்டர் பீப்பாய் ஏறக்குறைய 88 செ.மீ. உயரம். நம்முடைய அளவு 1:87, அதாவது நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு. ஆக, ஒரு செ.மீ. துண்டு போதும். நடுவில் இரண்டு இடத்தில் தையல் நூலைச் சுற்றி ஒட்டி, பீப்பாயின் வளையங்களை எழுப்பியிருக்கிறார். மூடி, காகிதத்தில் துளை போடும்போது விழும் வட்டத் துண்டு. அதன்மேல் செங்காவி நிறச் சாக்பீஸ் பொடியைத் தூரிகையால் தட்டிவிட்டிருக்கிறார், துரு தயார். கையில் எடுத்துக் கண்ணருகே பிடித்த பிறகும் அது ஸ்ட்ரா என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

சுவரில் உரிந்த நிலையில் இருக்கும் விளம்பரங்களும் அப்படித்தான். அச்சடித்த தாளின் பின்பக்கத்தை நைசான உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து, வெங்காயத் தோல் போல ஆக்கி, ஈரப்பசையோடு செங்கல் மேல் அழுத்தியிருக்கிறார். செங்கல் இடுக்குகள் தாளின் வழியே தெரிகின்றன. தாளைத் தேய்க்காமல் ஒட்டினால் அட்டை ஒட்டியது போலத்தான் இருக்கும். நானே ஒட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

பிறகு அந்தக் குளம். கால் அங்குல ஆழமாவது இருக்கும் என்று நீ பந்தயம் கட்டிய குளம். மணி, அங்கே பள்ளமே இல்லை! தட்டையான பிளைவுட். நடுவில் கருப்போடு சேர்ந்த பச்சை, கரைக்கு வர வரச் சேற்றுப் பழுப்பு. இரண்டையும் ஈரம் காயும் முன்பே ஒன்றுக்குள் ஒன்று இழைத்திருக்கிறார். அதன்மேல் பளபளப்பு வார்னிஷ். "ஒரே தடவையில் ஊற்றிவிடாதே, மங்கிப்போகும். மெல்லிசாய் ஒரு பூச்சு, நன்றாகக் காயட்டும், பிறகு அடுத்தது" என்றார். ஆழம் முழுவதும் பெயின்டில்தான் இருக்கிறது.

தண்டவாளத்தைப் பெயர்க்கத்தான் பயந்தேன். அவர் ஜல்லிக்குப் பயன்படுத்தியது சாதாரண வெள்ளைப் பசை, தண்ணீர் கலந்து சொட்டுச் சொட்டாக விட்டது. வெந்நீரைத் தெளித்துக் கால்மணி நேரம் காத்திருந்தேன். இளகிக்கொடுத்தது. விலை உயர்ந்த கடும்பசை போட்டிருந்தால் எல்லாம் சுக்குநூறாகியிருக்கும். புதிய பலகையில் நான் ஜல்லி ஒட்டியபோது பசைநீர் உள்ளே இறங்காமல் முத்து முத்தாக உருண்டு கற்களை இழுத்துக்கொண்டு ஓடியது. போனில் கேட்டேன். பாத்திரம் துலக்கும் திரவ சோப்பைப் பசைநீரில் ஒரு சொட்டு விடச் சொன்னார். அவ்வளவுதான், குடித்துவிட்டது! மண் சேர்ப்பதானால் சலித்த பிறகு காந்தத்தை ஒருமுறை ஓட்டிவிடு. இரும்புத்தூள் இருந்தால் என்ஜின் மோட்டாருக்குள் போய் ஒட்டிக்கொள்ளும்.

அவருக்கு இப்போது நேரே பார்ப்பது மங்கிவிட்டது, ஓரப்பார்வைதான். ஒரு பீப்பாயைக் கையில் கொடுத்தேன். நகத்தால் வளையங்களைத் தடவிப் பார்த்து, "இது பழசு, அப்போது நூல் தடியாக வாங்கிவிட்டேன்" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை. அவர் கைக்குள் இருப்பதையெல்லாம் கேட்டு எழுதி வைக்க வேண்டும், சீக்கிரம். நானும் நீயும் சேர்ந்து. நான் கேட்டால் பாதிதான் சொல்கிறார். நீ எதிர்வாதம் செய்தால்தான் அவருக்கு முழுதாகப் பேச்சு வரும்.

நீ வாங்கப்போவதாக எழுதியிருந்த அந்தக் குட்டி மரங்களின் தொகுப்பை வாங்காதே. பழைய மின்கம்பியின் செம்பு இழைகளை முறுக்கினால் அடிமரம், பிரித்தால் கிளை. ஸ்பாஞ்சைப் பொடித்து நிறம் ஏற்றினால் இலை. ஒரே பச்சையாக வேண்டாம், மூன்று பச்சை கலந்துகொள், கொஞ்சம் சாம்பலும் சேர். பொடிப்பதற்கு ராதாவின் மிக்ஸியைத் தொடாதே, போன தடவை பட்டது போதும்.

தீபாவளி விடுமுறை வரை தள்ளாதே, அடுத்த வாரமே வா. வரும்போது ஓடாத கைக்கடிகாரம் எது கிடைத்தாலும் கொண்டு வா. பல்சக்கரங்கள் வேண்டும். பழைய இயந்திரம் ஏற்ற ஒரு கூட்ஸ் பெட்டி காலியாக நிற்கிறது.

உன்,
கோபால்